பேசக் கூடாத ஜூலை

ஜூலை 3, வியாழன்

ஒரு வாரத்துக்கு வாய் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பாகவும் பேசக் கூடாதாம். தொண்டையைச் செருமவும் கூடாது என்கிறார் டாக்டர். அக்கா தன் பேரனுடைய சிலேட்டையும் பல்பத்தையும் எடுத்துத் தந்திருக்கிறாள். வீட்டுக்குள் அது போதும். மற்றதெல்லாம் இங்கே.

குரல்நாணிலிருந்து எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்குப் பள்ளியை யார் திறந்தார்கள்?

ஜூலை 5, சனி

தன்னார்வலர் பெண் பாறை மேல் ஏறிக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். எங்கள் ஊரில் அந்த ஒரு பாறையில்தான் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். யானை இறங்கியிருந்தால் அங்கேயும் போக முடியாது.

சமையல் அக்காதான் பூட்டைத் திறந்தாராம். கீழ்ப் பள்ளியிலிருந்து அனுப்பிய ஆசிரியர் செவ்வாயும் புதனும் வந்தார், அப்புறம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவர் பள்ளியிலும் இரண்டே பேர். அவர் மலையேறி வந்தால் அங்கே ஒருவர் தனியாக நிற்க வேண்டும். காலை உணவு சாப்பிட்டார்கள், மதியச் சாப்பாடு வரை விளையாடினார்கள், பெரிய பிள்ளைகள் சிறியவர்களை வீட்டில் விட்டுவிட்டு மாடு ஓட்டப் போய்விட்டார்கள். "நான் கதை சொன்னேன் டீச்சர், கொஞ்ச நேரம் கேட்டாங்க" என்கிறாள். அவள் எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த முதல் பெண். சம்பளம் வாங்காமல் முப்பத்து நான்கு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறாள்.

மூன்றாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிக் கேட்டு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. பாறையை விட்டு இறங்கியிருப்பாள்.

ஜூலை 7, திங்கள்

தூக்கம் வரவில்லை. அக்கா வீட்டுக்குக் கீழே பெங்களூரின் இந்த அல்சூர் தெரு விடிய விடிய ஓய்வதில்லை. அதுகூடப் பரவாயில்லை. கண்ணை மூடினால் அந்தப் பெண்தான் வந்து நிற்கிறாள்.

அவள் வீட்டில் கன்னடம். முதல் வகுப்பில் சேர்ந்தபோது "தண்ணீர்" என்று கேட்கத் தெரியாமல் "நீரு, நீரு" என்று அழுதவள். இந்த ஜூனில்தான் வாசிப்பில் அரும்பு நிலையிலிருந்து அடுத்த நிலையான மொட்டுக்கு வந்தாள். எழுத்தைக் கூட்டுகிறாள், ஆனால் "கொ" வந்தால் நின்றுவிடுவாள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் க. "கெ" என்று தொடங்கிவிட்டுப் பக்கத்தில் காலைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, அவள் விரலைப் பிடித்துக் கொம்பையும் காலையும் சேர்த்துத் தொட்டுக் காட்ட வேண்டும். நான்கைந்து நாள் விடாமல் செய்தால் பிடித்துக்கொள்வாள். விட்டுவிட்டால் ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே நிற்பாள். அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீழே ஆறாம் வகுப்பில் சேர்ந்து, அரையாண்டுக்குள் ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுகிறார்கள். படிப்பு ஏறவில்லை என்று ஊர் சொல்லும். ஏறாமல் போனது எந்த எழுத்தில் என்று எனக்குத் தெரியும்.

"கொக்கு", "கொடி", "கோழி" மூன்றையும் பெரிதாக எழுதிப் படம் எடுத்துத் தன்னார்வலர் பெண்ணுக்கு அனுப்பினேன். விரலைப் பிடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

முடிவு வரவில்லை. வியாழன் என்கிறார்கள்.

ஜூலை 9, புதன்

எதிர்வீட்டு டீச்சரம்மா வந்தார். எழுபதைத் தாண்டியவர், மைசூர் மாவட்டம் ஹெச்.டி.கோட்டை காட்டுப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கன்னடத்தில் பேசினார். நான் தமிழில் சிலேட்டில் எழுதினேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. நான் எழுதுவதை அக்கா படித்து அவருக்குக் கன்னடத்தில் சொன்னாள். இப்படியே மதியம் வரை ஓடியது.

1995-ல் அந்தப் பக்கத்துப் பள்ளிகளில்தான் "நலி கலி" என்ற கற்பித்தல் முறை தொடங்கியது. ஆந்திராவில் ரிஷிவேலிக்காரர்கள் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆசிரியர்களே உட்கார்ந்து அட்டை தயாரித்தார்களாம். சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. தரையில் வட்டம் வட்டமாகக் குழுக்கள். ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு தங்களுக்குள், ஒன்று தனியாக. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து தொடரும். நாலு நாள் மாட்டோடு போய்விட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், இன்றைக்கும் வகுப்பில் இருப்பவர் போல.

நம் பக்கமும் இது வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் என்று வந்தது. நான் வேலையில் சேர்ந்தபோது அட்டையும், படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியும்தான். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிற ஊர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மலையில் எனக்கு அதுதான் கை கொடுத்தது. அட்டைகள் கிழிந்தன, புது அட்டைகள் வரவில்லை. நான் கத்த ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

ஐந்து வகுப்பு, ஒரே அறை. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட வகுப்புக்கு வகுப்பு தனித்தனி, பதினைந்து பாடம். ஒன்றாம் வகுப்புக்குப் பாட்டு சொல்லிக்கொண்டே நான்காம் வகுப்புக்கு வகுத்தல் சொல்ல வேண்டும். அஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை பெய்தால் அதற்கும் மேலே குரல் எழும்ப வேண்டும். இங்கே ஆஸ்பத்திரியில், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். டீச்சர் என்றதும் மேற்கொண்டு கேட்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரும் டீச்சர்தான்.

டீச்சரம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரண்டு பேர் இருந்தால் எதுவும் முடியும்" என்றார்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் இல்லை. திங்களாம்.

ஜூலை 11, வெள்ளி

மாமா கல்வி உரிமைச் சட்டத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்தார். 2009-ம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பயிற்சி வகுப்பில் ஸ்லைடில் பார்த்ததோடு சரி, முழுசாக இப்போதுதான் படிக்கிறேன்.

பிரிவு 25, உட்பிரிவு 2. ஒரு பள்ளிக்கு நியமித்த ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்க வைக்கக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றுக்கு மட்டும் விலக்கு, அது பிரிவு 27-ல் இருக்கிறது.

அலுவலகம் என்றே போட்டிருக்கிறது! எங்கள் சார் போன வருஷத்திலிருந்து மாற்றுப்பணியில் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேற்ற வேலை பார்க்கிறார். நல்ல வாத்தியார். கணக்கைக் கல்லை வைத்தும் புளியங்கொட்டையை வைத்தும் சொல்லிக்கொடுப்பார். அவரும் மேலே வரத்தான் கேட்கிறார்.

இதில் இன்னொரு சிக்கல். 2022-ல் காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது, இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். ஆனால் எங்கள் பள்ளியில் காலியிடமே கிடையாதே. காகிதத்தில் நானும் இருக்கிறேன், சாரும் இருக்கிறார். இரண்டு பணியிடமும் நிரம்பிய பள்ளி. உள்ளே போய்ப் பார்த்தால் சமையல் அக்கா மட்டும் நிற்கிறார்.

சட்டத்தின் அட்டவணையையும் படித்தேன். அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர். தலையை எண்ணுகிறார்கள். சமவெளியில் அது ஓரளவு சரியாக வரும். மலையில் பிள்ளைகள் எப்போதும் குறைவாகத்தான் இருப்பார்கள், ஊரே சின்னது. ஆனால் வகுப்பு ஐந்துதான், பாடம் அதேதான். வகுப்பை எண்ண வேண்டும். பக்கத்துப் பள்ளி எவ்வளவு தூரம், பஸ் எத்தனை முறை வருகிறது என்பதையும் எண்ண வேண்டும். இதை யாரிடம் சொன்னாலும், "பிள்ளைகள் குறைவு, இருக்கிறதே பெரிது" என்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் குறைவென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு உரிமையும் குறைவா?

25(2) என்று சிலேட்டில் எழுதி ஜன்னலோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

அக்கா வற்புறுத்தி ஏரிப் பக்கம் கூட்டிப்போனாள். வள்ளுவர் சிலையைப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் துணிக்குள் இருந்து 2009 ஆகஸ்டில் திறந்த சிலை. இங்கிருக்கும் தமிழர்கள் அத்தனை வருஷமும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததை மாமா சொன்னார்.

திரும்பும் வழியில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணல் குவியல் மேல் ஒரு சிறுமி, இடுப்பில் தம்பி. வட கர்நாடகத்து யாதகிரிப் பக்கத்துக்காரர்களாம். அக்கா பேச்சுக் கொடுத்தாள். ஊரில் நலி கலியில் படித்தாளாம், எந்தப் படி வரை வந்தாள் என்றுகூடச் சொன்னாள். இங்கே வந்த பிறகு பள்ளிக்கூடம் இல்லை. மணலில் விரலால் தன் பெயரைக் கன்னடத்தில் எழுதிக் காட்டினாள். நான் பக்கத்தில் தமிழில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ராத்திரி முழுக்க நெஞ்சு கனத்துக் கிடந்தது. எங்கள் ஊரிலிருந்தும் அறுவடை முடிந்தால் இங்கேதான் வருகிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

சில நிமிஷம் பேசலாம் என்று டாக்டர் அனுமதித்தார். குரல் வருகிறது, கரகரப்பாக. பரிசோதனை முடிவைப் பற்றிக் கேட்டால், இன்னொரு முறை பார்க்கச் சொல்லி ஸ்லைடை வேறொருவருக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். வழக்கமானதுதான் என்றார்.

இருந்த சில நிமிஷத்தில் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "முதல்ல உடம்பைப் பாருங்க டீச்சர், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்." போனை எடுத்தவர் அன்பாகத்தான் சொன்னார். சாரை எப்போது விடுவிப்பீர்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். அக்கா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். பெற்றோர்களே பள்ளியைக் கூட்டி, கோலம் போட்டு, படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். படங்கள் வந்தன. அழுதுவிட்டேன்.

1956-ல் மதிய உணவு தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவும் வந்தது. வெறும் வயிற்றோடு காட்டு வழியில் நடந்து வந்து பத்து மணிக்கு மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். இப்போது அது இல்லை. சோறு வந்தது, புத்தகம் வந்தது, செருப்பு வந்தது. இவ்வளவையும் மலைக்கு மேலே கொண்டுவந்து சேர்க்க முடிந்த அரசுக்கு இரண்டாவது ஆசிரியரைச் சேர்க்க முடியாதா? முடியும். அதனால்தான் கேட்கிறேன்.

மூன்றாம் வகுப்புப் பெண் "கொடி" படித்துவிட்டாளாம். "கோழி" இன்னும் இல்லை.

ஜூலை 16, புதன்

மனு எழுதுகிறோம். மேலாண்மைக் குழுத் தலைவி பாறைக்கு வந்து பேசினார். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், சட்டமே அப்படித்தான். எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களாம். "கைநாட்டு வைக்கிறவங்களும் வைக்கலாமா டீச்சர்?" என்றார். வைக்கலாம், தாராளமாக வைக்கலாம்.

சாரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நான்கைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு ஆசிரியரைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும், யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும், யாருக்குப் பிரசவ விடுப்பு என்றாலும் மறுநாள் காலையில் போய் நிற்கிற மாதிரி. நாளைக்கு எனக்கு இல்லையென்றாலும் இன்னொரு டீச்சருக்கு இது நடக்கும். இந்த இரண்டுதான் கேட்கிறோம்.

ஜூலை 17, வியாழன்

முடிவு நாளைக் காலையாம், நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா ஏழு மணிக்கு வந்து மனுவைத் தட்டச்சு செய்வார். 25(2) முதல் பத்தியிலேயே வர வேண்டும். பள்ளி விவரம், பிள்ளைகள் எண்ணிக்கை வகுப்புவாரியாக: ஒன்று 6, இரண்டு 8, மூன்று 5, நான்கு