பத்து மணிக் கையெழுத்து

தம்பி திருடியது ஒரு பழைய சைக்கிள். செல்லூர்ப் பக்கம் டீக்கடை வாசலில் பூட்டாமல் நின்றிருக்கிறது. வைகைக் கரை வரை ஓட்டிப் போனவன், அதைச் சாத்தி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டான். விற்கக்கூடத் தெரியாத திருடன்.

ஏழு வருஷமாகப் பெரியாஸ்பத்திரியில் மனநோய்க்கு மாத்திரை வாங்குகிறோம். மாத்திரையை விட்டால் குடி; குடித்தால் எதையாவது தூக்கிக்கொண்டு வருவான். 2024 கடைசியில் ஒரு பித்தளைக் குடம். குடம் கிடைக்கவேயில்லை. "ஒத்துக்கிட்டா உள்ள இருந்த நாளோட முடிஞ்சிரும்க்கா" என்றார் கோர்ட் வாசலில் ஒருவர். ஒப்புக்கொள்ள வைத்தேன். 22 நாளில் வந்துவிட்டான், பெரிய நிம்மதி.

நான் செய்த தப்பு அதுதான்: ஒப்புக்கொண்டதால் அது முதல் தண்டனையாகப் பதிவாகிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) திருட்டுக்கான 303-வது பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் தடவை, திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான். இரண்டாவது முறை தண்டனை என்றால் குறைந்தது 1 வருஷம் கடுங்காவல், 5 வருஷம் வரை போகும். சைக்கிள் திரும்பக் கிடைத்தும் அவனுக்குப் பிரயோஜனமில்லை.

மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி கேட்டு மனு கொடுத்தேன் (15100-க்கு போன் செய்தாலும் சொல்வார்கள்). வந்த வக்கீலம்மா முதலில் சொன்னது: "இந்தத் தடவை எதையும் ஒத்துக்க வேண்டாம்." ஜவுளிக்கடைப் பையில் கிடந்த ஏழு வருஷச் சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார். மழையில் நனைந்த மூன்றை இஸ்திரி போட்டேன். அவற்றை வைத்து, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 367-வது பிரிவில் மருத்துவப் பரிசோதனைக்கு மனு போட்டார்.

ஜாமீன் கிடைத்தது, ஜாமீன்தார்தான் கிடைக்கவில்லை. தம்பி பெயரைக் கேட்டதும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வெளியூர் வேலை வந்துவிட்டது. கடைசியில் சித்தியும் தெரு ஆட்டோக்காரரும் வந்தார்கள்.

நிபந்தனை: தினமும் காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ராத்திரி மாத்திரை போட்டால் அவன் எழுந்திருக்கவே பன்னிரண்டாகும். மாத்திரையை நிறுத்தினால் பத்து மணிக்குப் போகலாம். அப்புறம் இன்னொரு சைக்கிள். இரண்டு நாள் தவறியதும் "ஜாமீனை ரத்து பண்ணச் சொல்லவா?" என்று மிரட்டினார்கள். டாக்டர் சீட்டோடு தளர்வு மனு போட்டு மாலை 5.30 ஆக மாற்றினோம்.

இப்போதும் ஏரியாவில் எது காணாமல் போனாலும் முதல் போன் எனக்குத்தான். அதனால் தினமும் ராத்திரி பத்துக்கும் காலை ஆறுக்கும் அவன் தூங்குவதை, சுவர்க் கடிகாரமும் தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து வைக்கிறேன்.