கவர்க்கல் பனிமூட்டத்தில் ஒரு புதுக் கேமரா

பொள்ளாச்சியில் பேருந்து ஏறும்போது லேசான மேகம். ஆழியாறு அணைக்கரையில் வெயிலே அடித்தது. அங்கிருந்து வால்பாறை மலைப்பாதையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-ஆவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட் என்றொரு காட்சிமுனை உண்டு. கீழே அணைத் தண்ணீரும் அதற்கப்பால் சமவெளியும் விரித்த பாய் மாதிரி கிடக்கும். பாறைச் சரிவில் வரையாடுகள் நிற்கும். புதுக் கேமராவில் எடுக்கும் முதல் மலைப்படம் இங்கேதான் என்று ஒரு மாதமாக மனதுக்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

7-ஆவது வளைவு திரும்பியபோது ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. 9-ஆவது வளைவு வந்ததை ஓரத்தில் நட்டிருந்த எண் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அணை இல்லை, சமவெளி இல்லை, ஆடு இல்லை. பக்கத்து சீட்டுப் பெரியவர் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஜூலை இரண்டாம் வாரம். தென்மேற்குப் பருவமழை ஆனைமலையில் வந்து மோதும் காலம். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமா அங்கேதான் குடியிருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாள் போனில் சொன்னார்: “மழ புடிச்சிருச்சு கண்ணு. இப்ப வந்து என்ன பாக்கப் போற? அடுத்த மாசம் வாயேன்.” எனக்கு லீவு கிடைத்ததே அந்த வாரம்தான்.

கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பு வைத்திருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் லென்சுக்குள்ளே சிலந்தி வலை பின்னியதுபோல் பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட காசுக்கு இன்னொரு பழைய லென்ஸே வாங்கலாம். அப்போதே தீர்மானித்துவிட்டேன், அடுத்தது மழைக்குத் தாங்குகிற கேமராதான் என்று. இரண்டு வருடம் சேர்த்து, போன மாதம் வாங்கினேன். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை, 20 மெகாபிக்சல், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார். அதாவது சென்சாரின் அளவு சுமார் 17.3-க்கு 13 மில்லிமீட்டர். பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பில் நாலில் ஒரு பங்கு. சின்னதுதான். ஆனால் கேமராவும் லென்சும் சேர்ந்து ஒரு கையில் அடங்குகிறது, மலையில் அது பெரிய விஷயம். இரண்டு நாள் பழகியதை வைத்து ஒரு கம்பெனியைத் தூக்கிப் பேசவோ இறக்கிப் பேசவோ எனக்கு மனம் வரவில்லை. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். இங்கே எழுதுவதில் பெரும்பாலானது எந்தக் கேமராவுக்கும் பொருந்தும்.

அட்டகட்டி தாண்டி, வாட்டர்ஃபால்ஸ் எஸ்டேட் தாண்டி, கவர்க்கல். வால்பாறைக்காரர்களிடம் மிஸ்ட் என்று சொன்னாலே கவர்க்கல் என்பார்கள். மாமா அங்கேயே ஸ்கூட்டரோடு வந்து நின்றிருந்தார். பகல் பதினொரு மணி. வண்டிகள் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தன. பத்தடி தள்ளி இருக்கும் தேயிலைச் செடி தெரிகிறது, இருபதாவது அடியில் கரைகிறது. நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், ஒன்று கறுப்பாக, அதற்குப் பின்னால் ஒன்று சாம்பலாக, அதற்கும் பின்னால் ஒன்று மரமா மூச்சா என்று தெரியாமல்.

முதல் படம் எடுத்தேன். பின்திரையில் பார்த்தால் அழுக்குச் சாம்பல். சாயங்காலம் ஆறரை மணி போல இருந்தது. என் கண் முன்னால் நின்றது அப்படி இல்லை. அந்தப் பனிமூட்டத்துக்குள் ஒரு வெளிச்சம் இருந்தது. பால் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கேற்றி வைத்த மாதிரி எல்லாத் திசையிலிருந்தும் வரும் வெளிச்சம். இன்னும் நாலு படம். நாலும் அதே சாம்பல்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான், படித்தது. கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அறியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடும். வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் சாம்பலாக்கும், எருமையைக் காட்டினாலும் சாம்பலாக்கும். பனிமூட்டம் முழுக்க வெள்ளை. அதனால் குறைத்து எடுக்கிறது. படித்தபோது இது ஒரு பாடம், அவ்வளவுதான். கவர்க்கல் ரோட்டோரம் நனைந்துகொண்டு நிற்கும்போதுதான், இருப்பது வெள்ளை என்று நான்தான் இதற்குச் சொல்லியாக வேண்டும் என்பது உறைத்தது. மீட்டர் போட்ட கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் சக்கரத்தை பிளஸ் 1-க்குத் திருப்பினேன். வியூஃபைண்டருக்குள்ளேயே மலை வெளுத்தது. பிளஸ் 1.3 வைத்ததும் சரியாக வந்துவிட்டது, நான் பார்த்த அதே பால் வெளிச்சம். படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கம் போய்க் குவிந்தது, ஆனால் ஓரச் சுவரில் முட்டவில்லை; முட்டினால் வெறும் வெள்ளையாகிவிடும். மிரர்லெஸ் கேமராவில் நான் மனதாரப் பாராட்டுவது இதைத்தான். படம் எப்படி வரும் என்பது எடுக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. பழைய கேமராவில் எடுத்து, பார்த்து, மறுபடி எடுத்து, அதற்குள் மூட்டம் நகர்ந்துபோயிருக்கும்.

ஃபோகஸ் இன்னொரு பாடு. ஆட்டோஃபோகஸுக்கு ஒரு விளிம்பு வேண்டும், இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஒரு கோடு. மூட்டத்தில் எல்லாக் கோடும் கரைந்து கிடக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தேடிவிட்டுக் கைவிட்டது. நடு மரத்தின் அடிமரம் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. ஃபோகஸ் புள்ளியை மிகச் சின்னதாக்கி அந்த மரத்தின் ஓரத்தில் வைத்தேன், பிடித்தது. அதுவும் கிடைக்காத இடத்தில் கையால் திருப்பி எடுத்தேன். மரம் எங்கும் போய்விடாதே.

அப்புறம் மழை வந்தது. வால்பாறை மழை மேலிருந்து மட்டும் வராது. காற்று தூக்கிக்கொண்டுவந்து முகத்தில் அடிக்கும். மாமா ஒரு மூடிக்கிடந்த கடைத் தாழ்வாரத்தில் வண்டியை ஒதுக்கிவிட்டு, “அத உள்ள வைய்யி கண்ணு, எத்தன ஆயிரம் குடுத்து வாங்கின” என்றார். நான் வைக்கவில்லை. இதற்காகத்தானே வாங்கினேன்.

கேமராவின் அட்டைப்பெட்டியில் ஐபி 53 என்று போட்டிருந்தது. அதில் 5 தூசுக்கு, 3 தண்ணீருக்கு. அந்த 3 சொல்வது: செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை சாய்ந்து தெறிக்கும் நீரைத் தாங்கும். கிடைமட்டமாக அடிக்கும் சாரலுக்கோ தண்ணீரில் முக்குவதற்கோ அது வாக்குக் கொடுக்கவில்லை. வெயிலில் உட்கார்ந்து படித்தபோது இந்த 60 டிகிரியை நான் கவனிக்கவே இல்லை. தாழ்வாரத்தில் நின்று மழையின் சாய்வைப் பார்த்தபோதுதான் அது முக்கியமான எண்ணாகத் தெரிந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் சரி; காற்றை எதிர்த்து நின்றால் சரியில்லை. அப்படியே செய்தேன். அரை மணி நேரத்தில் கேமரா மேலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். பொத்தான்கள், சக்கரங்கள், எல்லாம் வேலை செய்தன. பேட்டரி மூடியையும் கார்டு மூடியையும் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன். ஒரு மூடி சரியாக மூடாவிட்டாலும், மாட்டியிருக்கும் லென்ஸ் மழைக்கானதாக இல்லாவிட்டாலும் இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. உண்மையில் தொல்லை கொடுத்தது வேறு: லென்சின் முன்கண்ணாடியில் விழும் துளி. அதற்கு எந்த ரப்பர் சீலும் உதவாது. லென்சின் முனையில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹுட் பாதியைத் தடுத்தது. மீதிக்கு ஒரு பழைய வேட்டித் துணியை மாமா கொடுத்தார். பலமுறை துவைத்து நைந்த பருத்தி. நான் வாங்கி வைத்திருந்த துணியைவிட அது நன்றாக ஈரம் இழுத்தது.

அய்யர்பாடி தாண்டி ஒரு சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மழையிலும். தலையிலிருந்து முழங்கால் வரை பிளாஸ்டிக் தாள், இடுப்பில் சாக்கு, கையில் கத்தரி. கத்தரியில் கோத்த பையில் கொழுந்து விழும் சத்தமும் பிளாஸ்டிக்கில் மழை விழும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. படம் எடுக்கலாமா என்று கேட்டேன். முன்னால் நின்ற அக்கா சிரித்துக்கொண்டே, “எடு தம்பி, நாங்க நிக்க மாட்டோம்” என்றார். நிற்கவும் இல்லை.

முதலில் 1/500 நொடியில் எடுத்தேன். மழையே இல்லை! அவர்கள் நனைந்திருக்கிறார்கள், ஆனால் மழை பெய்வதாகத் தெரியவில்லை. இரண்டு மில்லிமீட்டர் துளி ஒன்று நொடிக்குச் சுமார் ஆறரை மீட்டர் வேகத்தில் விழும். 1/500 நொடியில் அது நகர்வது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். படத்தில் புள்ளியாகக்கூடத் தேறாது. 1/60-இல் அதே துளி பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். அப்போதுதான் கோடாக விழும். அதுவும் பின்னால் இருட்டாக ஏதாவது இருந்தால்தான். வெள்ளை மூட்டத்துக்கு முன்னால் எத்தனை கோடு விழுந்தாலும் தெரியாது. இரண்டடி நகர்ந்து, சரிவுக்குப் பின்னால் இருந்த சோலையின் கரும்பச்சை அவர்களுக்குப் பின்னால் வருகிற மாதிரி நின்றேன். 1/60 வைத்தேன். கேமராவின் உள்ளே சென்சாரையே அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு இருக்கிறது. குளிரில் என் கை நடுங்கியும் மரங்கள் கூர்மையாக வந்தன. கத்தரி பிடித்த கைகள் மட்டும் கலைந்திருந்தன, வேலை செய்கிற கைகள் அப்படித்தானே இருக்கும். மழை கோடு கோடாக விழுந்திருந்தது. இரண்டு நாளில் எடுத்த முன்னூற்றுச் சொச்சம் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அந்த அக்காவிடம் திரையைக் காட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். “மழ நல்லா விழுந்திருக்கு. எங்க மொகந்தான் ஒண்ணும் தெரியல” என்றார். அவர் சொன்னது சரி. மழையையும் மலையையும் பார்த்தேனே தவிர, முகங்களைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் தாளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு நிற்கச் சொல்லி நாலு பேரையும் ஒவ்வொருவராக எடுத்தேன். இந்த முறை நின்றார்கள்.

மாமா வீட்டு அடுப்படியில் விறகு எரிந்துகொண்டிருந்தது, கொள்ளு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்து கிடந்த கேமராவோடு நேராக உள்ளே போயிருந்தால் லென்சில் ஒரு நொடியில் ஆவி பூத்திருக்கும். உள்பக்கமும் பூக்கும், அங்கே துடைக்க முடியாது. பூஞ்சைக்கு அதுதான் ஆரம்பம். வாசலிலேயே கேமராவைத் துடைத்து, ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினேன். திண்ணையில் அரை மணி நேரம், பிறகு கூடத்தில் ஒரு மணி நேரம். வேர்வை பைக்கு வெளியில் பூத்தது, கேமராவில் பூக்கவில்லை. மாமா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நாங்க எலைய வாட்டறதும் இப்பிடித்தான். திடீர்னு சூடு காட்டினா போச்சு” என்றார். அன்றைக்குக் கேமராவைப் பற்றி அவர் நல்லவிதமாகப் பேசிய ஒரே வார்த்தை அது. எனக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் காலை புதுத்தோட்டம். சோலைமந்திகள், சிங்கவால் குரங்கு என்போமே, ரோட்டோர மரத்தில் ஈரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, இலைக்கூட்டத்துக்கு நடுவே மங்கிய வெளிச்சம். சென்சாரின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வரை ஏற்ற வேண்டியிருந்தது. சின்ன சென்சாரின் எல்லை இங்கே தெரிந்தது: கறுப்பு ரோமத்தில் மணல் தூவிய மாதிரி இரைச்சல், பிடரியின் மெல்லிய மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலில் வேலை செய்து பார்த்தேன், ஓரளவுதான் மீண்டது. இருட்டுச் சோலையில் விலங்குதான் முக்கியம் என்பவர்கள் பெரிய சென்சார் பக்கம் போவது நல்லது. எடை கூடும், காசும் கூடும். தாயின் மடியில் இருந்த குட்டி ஒன்று கொட்டாவி விட்டது. அது அந்த இரைச்சலோடே என்னிடம் இருக்கிறது.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. குளிரும், அடிக்கடி திரை பார்த்ததும் சேர்ந்து ஒரு பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்தது. இரண்டாவது பேட்டரியைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தேன். அதை மாற்றப் பேருந்து நிலையம் வரை காத்திருந்தேன்; மழையில் மூடியைத் திறக்க மனம் வரவில்லை.

கோயம்புத்தூர் வந்ததும் அந்த நாலு முகங்களையும், மழைக்கோடு விழுந்த படத்தையும் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு மாமாவுக்கு அனுப்பினேன். போன வாரம் போன் செய்தார். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அந்த அக்கா தன் படத்தை வாங்கிக்கொண்டாராம். மழைப்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இது தம்பிகிட்டயே இருக்கட்டும், மழ எங்ககிட்ட நெறையா இருக்கு” என்றாராம்.