மூச்சுத்திணறலுக்கு எத்தனை ஆங்கிலம்

எங்கள் ஆங்கில ஆசிரியர் மாசி மாதத்தில் காலமானார் என்ற செய்தி வந்த நாளிலிருந்து, அவரைப் பற்றி எழுதும்படி பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு என்னை நெருக்கிக்கொண்டிருக்கிறது. பட்டப்பெயரைப் போட்டால் எல்லோருக்கும் உடனே விளங்கும். அதை அச்சில் ஏற்ற முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் கடைசியில், நாலாம் பாடத்துக்கு முன்னர், அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டே எழுந்து நின்றவர்களுக்கு இவ்வளவும் போதும்.

ஒத்த கருத்துச் சொற்கள் என்று எதுவுமே இல்லை என்பது அவருடைய கொள்கை. பாடநூல் ஒரே வரியில் அடுக்கிவைத்ததைக் கரும்பலகையில் பிரித்து எழுதி, மூச்சை நிறுத்தியது எது, எந்த இடத்தில் நிறுத்தியது என்று ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே விசாரிப்பார். மீன்முள் தொண்டைக்குள் அகப்பட்டால் ‘சோக்’. வாயையும் மூக்கையும் தலையணையால் பொத்தினால் ‘ஸ்மதர்’. கழுத்தைச் சுற்றி இறுக்கினால் ‘ஸ்ற்றாங்கிள்’. பூட்டிய அறையில் காற்றே போதாமற் போனால் ‘சஃபொகேற்’. ‘அஸ்ஃபிக்சியா’வை மருத்துவரும் மரண விசாரணை அதிகாரியும் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டு, கிரேக்கத்தில் அதற்கு நாடி நின்றுபோதல் என்பதே பொருள், மூச்சைப் பற்றிய பேச்சே அதில் இல்லை என்று சொல்லித் தனக்குள் சிரித்துக்கொள்வார். பிறகு உருவக வழக்கு வரும். கொட்டாவியையும் எதிர்க்குரலையும் அடக்குவது ‘ஸ்ற்றைஃபிள்’ (கொட்டாவிக்குக் கடைசி வாங்கில் உதாரணம் எப்போதும் தயாராக இருந்தது). பிள்ளையை அன்பால் திக்குமுக்காட வைப்பது ‘ஸ்மதர்’. ஓர் ஊரின் வணிகத்தை நெரிப்பது ‘ஸ்ற்றாங்கிள்’.

‘வீஸ்’ என்ற சொல்லுக்கு உதாரணம் நான். மாரி மழை பிடித்திருந்த ஒரு நாள் எனக்குத் தொய்வு (ஆஸ்துமா) கண்டிருந்தது. அவர் அந்தச் சொல்லை எழுதி, வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “சத்தம் போடாமல் கேளுங்கோ” என்றார். வகுப்பு முழுவதும் அமைதியாகி என் நெஞ்சின் கீச்சொலியைக் கேட்டது. பின்னர், “எழும்பி ஒரு வசனம் சொல்லும்” என்றார். இரைக்க இரைக்க, “ஐ ஆம் வீஸிங்” என்றேன். “மாரிக்கு மாரி வாற வருத்தம்தானே? அப்ப ‘ஐ வீஸ்’. சிம்பிள் பிறெசென்ற்” என்று அவர் திருத்த, அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். அது எனக்கு அன்று ஆறுதலாக இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் இன்றும் என்னை ‘வீஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடுத்த கிழமை அவர் என்னை முன் வாங்கிலிருந்து எழுப்பி, கரும்பலகைக்கு எட்டவுள்ள யன்னலோரத்தில் இருத்தினார். வெண்கட்டித் தூள் தொய்வுக்காரருக்கு ஆகாது. அதற்காகத்தான் அப்படிச் செய்தாரா என்று நான் அவரைக் கேட்டதில்லை.

இலண்டனில் மருத்துவமனைகளுக்கு உரைபெயர்ப்பாளனாகப் போகத் தொடங்கிய பின்னர் அந்தக் கரும்பலகைதான் எனக்குச் சோறு போட்டது. படி ஏறினாலும் “மூச்சு முட்டுது”, நடு இரவில் விழித்தாலும் “மூச்சு முட்டுது”, மகன் தொலைபேசி எடுக்காவிட்டாலும் “மூச்சு முட்டுது” என்பவர்கள் எங்கள் அம்மாமார். மருத்துவருக்கு அது போதாது. தொண்டை அடைக்கிறதா, நெஞ்சு இறுகுகிறதா, இழுக்கிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று அவர் கேட்பார். தலையணைக் கேள்வி இருதயத்தைப் பற்றியது. இருதயம் பலவீனப்பட்டவருக்கு மட்டமாகப் படுக்கும்போது நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு இன்னும் கடினமாகும். எது, எந்த இடத்தில் என்ற அதே விசாரணைதான். ஆனால் இங்கே யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

நான் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். என் அறை ‘சஃபொகேற்றிங்’ என்று எழுதியதற்கு, “யன்னல் இருக்கிறதா? இருந்தால் ‘ஸ்ற்றஃபி’ போதும்” என்று ஓரத்தில் குறித்திருந்தார். 1990 இல் போரினால் வடக்குக்கான பாதை மூடப்பட்ட பின்னர், மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் மருந்துக்கும் தடை இருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் எழுதப்பட்ட அவருடைய கடிதங்கள் மிகத் தாமதமாக வந்தன. எங்களுக்குப் பிரித்துப் பிரித்துக் கற்பித்த சொற்களில் ஒன்றையேனும் அவர் அவற்றில் தமது ஊருக்குப் பயன்படுத்தவில்லை. மழையைப் பற்றியும் என் முன்னிடைச் சொற்களைப் பற்றியும் எழுதினார். அவற்றை நான் வாசித்தபோது என் சட்டைப் பையில் நீல நிற இன்ஹேலர் இருந்தது. தீர்ந்தால் தெருமுனை மருந்துக் கடையில் இன்னொன்று கிடைக்கும். 2002 இல் அந்தப் பாதை, வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஏ9, திறந்தது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் பரீட்சை என்று எனக்குக் காரணங்கள் இருந்தன. அவை பொய்க் காரணங்களும் அல்ல. வந்து பார்க்கும்படி அவர் ஒருபோதும் எழுதவில்லை, நானும் போகவில்லை.

இம்மலரின் முன்பக்கத்தில் சங்கம் ஆங்கிலத்தில் வெளியிட்டுள்ள அஞ்சலிக் குறிப்பு, அவருடைய மறைவை ‘பிறெத்ரேக்கிங்’ இழப்பு என்கிறது. மலைக்காட்சிக்குச் சொல்வதைச் சாவீட்டில் சொல்லக்கூடாது என்று நான் எடுத்துச் சொன்னபோது, பக்கம் அச்சுக்குப் போய்விட்டது என்றார் செயலாளர். அவரும் எங்கள் வகுப்புத்தான், கடைசி வாங்கு. எங்கள் சேரிடம் படித்தவர்கள் தயவுசெய்து அச்சொல்லைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு வாசிக்கவும்.