நூறு கிலோ இலை, ஒரு கிலோ தைலம்

ஊட்டித் தைலத்தை வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர். அது வடியும் கொட்டகையைப் பார்த்தவர்கள் சிலர்தான். தகரக் கூரை, செங்கல் அடுப்பு, மேலே பெரிய செம்பு அண்டா. பெண்கள் காட்டில் உதிர்ந்த கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைகளைப் பொறுக்கி மூட்டையாகச் சுமந்து வருகிறார்கள். தண்ணீரோடு அவித்தால் ஆவி குழாய் வழியே குளிர்ந்து இறங்கி, நீரின்மேல் தைலம் மிதக்கிறது. நூறு கிலோ இலைக்குச் சுமார் ஒரு கிலோ தேறினால் நல்ல அடுப்பு! இந்த உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலை மிகக் குறைவு என்பேன்.

எல்லாத் தைலமரமும் இந்தத் தைலத்தைத் தராது. குளிர்ந்த மலையில் வளரும் நீல யூகலிப்டஸ்தான் இதற்கு உகந்தது. இளங்கன்றின் இலை வெண்சாம்பல் பூத்து, காம்பின்றித் தண்டோடு ஒட்டியிருக்கும். முதிர்ந்ததும் அரிவாள்போல் நீண்டு தொங்கும். புதுக்கோட்டைச் செம்மண்ணில் நிற்பது வேறு இனம். அது காகித ஆலைக்குப் போகும் மரம். வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், திரும்ப நட வேண்டியதில்லை.

பலகைக்காக நடுகிறவர்கள் யோசியுங்கள். இளமரப் பலகை காயும்போது முறுக்கிக்கொள்ளும், நுனி பிளக்கும்.

நீலகிரிக்கு இம்மரம் 1843 வாக்கில் வந்தது. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவே பரப்பினார்கள். சோலையை ஒட்டிய புல்வெளிகள் அதில் பெருமளவு போயின. இருக்கும் மரங்களின் இலையே தைலத்துக்குப் போதும். மிச்சமுள்ள புல்வெளியில் இனி ஒரு கன்றுகூட நடக்கூடாது.