பெரியப்பாவின் பித்தளை லென்ஸ்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பெரியப்பா நடத்திவந்த ஸ்டுடியோவைப் போன வருடம் காலி செய்தோம். அலமாரியின் அடித்தட்டில் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு பித்தளை லென்ஸ் இருந்தது. பக்கத்திலேயே ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மரக் கேமரா, ஃபுல் பிளேட் என்னும் பெரிய கண்ணாடி நெகட்டிவ் அளவு, லென்ஸுக்கும் பின்பலகைக்கும் நடுவே இருக்கும் மடிப்புத் துருத்தியில் இரண்டு ஓட்டைகளோடு. லென்ஸ் மட்டும் ஒன்றரைக் கிலோ கனம். பாத்திரக் கடையில் பித்தளை விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பெங்களூரில் பழைய கேமரா வாங்கி விற்கும் ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "மேல பேரே இல்லையே, நாலாயிரம் தர்றேன்" என்றார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்றான். எனக்கு மனசு வரவில்லை. விற்பதாக இருந்தாலும் என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு விற்போம் என்று ஒரு மாதம் தவணை கேட்டேன்.

பெயர் பொறிக்காத லென்ஸை அடையாளம் காண ஒரு செல்போன் டார்ச் போதும். முன்பக்கக் கண்ணாடிகளையும் பின்பக்கக் கண்ணாடிகளையும் அவற்றின் வளையத்தோடு தனித்தனியாகத் திருகிக் கழற்ற வேண்டும். இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் ஒரு வெளிச்சப் புள்ளி பளிச்சென்று தெரியும். இரண்டு கண்ணாடிகளைக் கனடா பால்சம் பிசின் வைத்து ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரியும். எனக்கு முன்பக்கத்தில் இரண்டு பளிச், ஒரு மங்கல். பின்பக்கத்தில் நான்குமே பளிச். மறுபடி எண்ணினேன், அதேதான்.

இரண்டு பக்கமும் ஒட்டிய ஜோடியாக இருந்தால் அது பெரும்பாலும் ரேபிட் ரெக்டிலினியர். 1866-க்கு அப்புறம் ஏராளமாக வந்த வகை, நல்ல லென்ஸ்தான், ஆனால் பெரிய விலை போகாது. முன்னால் ஒட்டியும் பின்னால் இடைவெளி விட்டும் இருந்தால் பெட்ஸ்வால். வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் கணக்குப் போட்டு வடிவமைத்தது. அதுவரை முகத்தைப் படம் பிடிக்க நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். இது உள்ளே விடும் வெளிச்சத்தில் அது நொடிக்கணக்குக்கு வந்தது. பாரிஸிலும் லண்டனிலும் பல பட்டறைகள் இதே வடிவத்தை எடுத்துச் செய்தன. வாங்கி விற்ற கடைகள் தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ளட்டும் என்று வெறுமையாக விட்டவையும் உண்டு. பெயர் இல்லை என்பதால் மட்டம் என்று சொல்லிவிட முடியாது.

கேமராவில் பொருத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பிம்பம் விழும் பின்பக்க மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் எல்லாமே பஞ்சு மாதிரி இருந்தது. எவ்வளவு நகர்த்தியும் நடுவில்கூட ஒரு கோடு கூர்மையாக வரவில்லை. கண்ணாடியில் பூஞ்சை இல்லை, பால்சம் விலகிய வானவில் நிறம் இல்லை, துடைத்த கீறல்கள் மட்டும் கொஞ்சம். பிறகு ஏன் இப்படி?

பெரியப்பாவிடம் கேட்டேன். எண்பத்திரண்டு வயது, ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. "அது கெட்டுப் போச்சு கண்ணு. ஒருத்தர்கிட்ட துடைக்கக் கொடுத்தேன், வந்ததிலிருந்து படம் சப்புன்னு ஆயிடுச்சு. அப்பவே தூக்கி உள்ள வெச்சிட்டேன்" என்றார்.

எனக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது. பின்பக்கத்தைத் திறந்தேன். இருக்க வேண்டிய வரிசை இது: முன்பக்கத்தைப் பார்த்தபடி பிறை போன்ற கண்ணாடி, அடுத்து மெல்லிய பித்தளை வளையம், கடைசியாக நெகட்டிவ் பிளேட் இருக்கும் பக்கம் இருபுறமும் புடைத்த கண்ணாடி. உள்ளே பிறைக் கண்ணாடி தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. விளிம்பைப் பிடித்து வெளியே எடுத்தபோது, தேய்த்துச் சொரசொரப்பாக விட்ட அந்த ஓரத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது. சாய்ந்த கையெழுத்தில் 'டார்லோ, பாரிஸ்', லென்ஸ் செய்தவரின் பெயர். பக்கத்தில் எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று ஒரு சின்ன அம்புக்குறி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் பட்டறையில் யாரோ தன் கையால் போட்ட பென்சில் கோடு, என் விரல் நுனியில். அதைத் துடைத்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். பழைய லென்ஸைக் கழற்றுகிறவர்கள் ஒவ்வொரு கண்ணாடியையும் எடுத்த வரிசையிலேயே படம் பிடித்து வையுங்கள், ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்.

அம்புக்குறி சொன்னபடி வைத்து மூடி, மாடியிலிருந்து சையத் பாஷா மலையைப் பார்த்தேன். தலைகீழாக, பாறை பாறையாக, கத்தி முனை போல நின்றது.

அப்புறம் அளவுகள். குவிய தூரம் கண்டுபிடிக்க முதலில் மலைக்கு ஃபோகஸ் செய்து கேமராப் பலகையில் ஒரு கோடு போட்டேன். பிறகு ஸ்டீல் ஸ்கேலை எதிரில் வைத்து, கிரவுண்ட் கிளாஸில் அதன் ஒரு சென்டிமீட்டர் சரியாக ஒரு சென்டிமீட்டராக விழும்வரை துருத்தியை இழுத்தேன். இரண்டுக்கும் நடுவே 23 செ.மீ. அதுதான் குவிய தூரம். திறப்பு 6 செ.மீ., குவிய தூரத்தைத் திறப்பால் வகுத்தால் எஃப் 3.8. திறப்பைச் சிறிதாக்கக் குழலின் நடுவே இருக்கும் பிளவில் செருகும் துளையிட்ட வாட்டர்ஹவுஸ் தகடுகள் தொலைந்துவிட்டன. கறுப்பு அட்டையில் வெட்டிக்கொண்டேன்: எஃப் 16-க்கு 14 மி.மீ. துளை, எஃப் 32-க்கு 7 மி.மீ.

பிலிம் விலை கட்டுப்படியாகாது. பிரிண்ட் போடும் பேப்பரையே அரை பிளேட் அளவுக்கு வெட்டி, நெகட்டிவாக வைத்தேன். ஃபுல் பிளேட்டுக்கு இந்த லென்ஸின் வெளிச்சம் மூலை வரை போகவில்லை. பேப்பரின் வேகம், அதாவது வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்ற அளவு, ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொண்டேன். மெதுவாக இருப்பதே வசதி, ஷட்டர் தேவையில்லை, மூடியைக் கழற்றி மாட்டினால் போதும். வெயிலில் எஃப் 32 வைத்து முக்கால் நொடி. ராயக்கோட்டை மலையை அப்படித்தான் எடுத்தேன். 1857-58-இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் அதே ராயக்கோட்டையைப் பேப்பர் நெகட்டிவில்தான் எடுத்தார் என்பது அங்கே நின்றபோது ஒரு தனி நிறைவைக் கொடுத்தது.

ஆனால் இந்த லென்ஸ் முகத்துக்குச் செய்தது. பெரியப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து, தகடு எதுவும் செருகாமல் முழுத் திறப்பில் வைத்தேன். நான் சொல்வதற்கு முன்பே அவர் முதுகை நிமிர்த்தி, "ரெண்டு எண்ணு, போதும்" என்றார். மூடியைக் கழற்றி இரண்டு எண்ணி மாட்டினேன். சிவப்பு விளக்கில், டெவலப்பர் தட்டில் முதலில் அவருடைய வெள்ளைச் சட்டை கறுப்பாக எழுந்தது, அப்புறம் நெற்றி, அப்புறம் மீசை. பிரிண்ட் போட்டபோது கண் இமை எண்ணலாம் போல இருந்தது. காதுக்கு அப்பால் எல்லாம் கரைந்து, பின்னாலிருந்த வேப்ப மரம் சுழல் மாதிரி வளைந்திருந்தது. இன்று பெட்ஸ்வாலுக்கு விலை ஏறியிருப்பதே இந்தச் சுழலுக்காகத்தான்.

பென்சில் எழுத்தின் படத்தையும் பெரியப்பாவின் பிரிண்டையும் பெங்களூர்க்காரருக்கு அனுப்பினேன். இருபத்தைந்தாயிரம் என்றார். அண்ணன் பெரியப்பாவைப் பார்த்தான். அவர் ஈரம் காயாத பிரிண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே, "துருத்தியில இன்னொரு ஓட்டை இருக்கு, அதை முதல்ல அடைங்க" என்றார்.