தென்மண்டல நாட்கள்

டிசம்பர் 17
தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான பெண்கள் வாலிபால் போட்டி. காலையில் சான்றிதழ் சரிபார்ப்பு. தகுதிப் படிவம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அடையாள அட்டையோடு ஒவ்வொருத்தியாக மேசை முன் நின்றோம். வயது 17க்குக் குறையக்கூடாது, 25ஐத் தாண்டக்கூடாது. வயதில் யாருக்கும் சிக்கல் இல்லை. வலையின் நடுவில் நின்று எதிரணி அடியைத் தடுக்கும் எங்கள் மிடில் பிளாக்கரின் படிவத்தில் மட்டும் போட்டோ மேல் முத்திரை விழவில்லை. சார் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். மேசையில் இருந்தவர் விதியைக் காட்டி, அவள் ஆட முடியாது என்றார். அவர் மேல் தப்பில்லை. முத்திரை குத்த மறந்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, தேர்வு, கேம்ப் எல்லாம் தாண்டி வந்த முதலாண்டுப் பெண். அழவில்லை. ஜெர்சியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை.

டிசம்பர் 18
இரண்டு ஆட்டம். இரண்டையுமே நேர் செட்டில் ஜெயித்தோம்.

டிசம்பர் 19
காலிறுதி. இதுவரை நாக்-அவுட், இதில் ஜெயிக்கும் நான்கு பல்கலைக்கழகங்கள் லீக் ஆடும். அந்த நான்குக்கும் அகில இந்தியப் போட்டியில் இடம் உறுதி. அதனால் எங்களுக்கு இதுதான் பைனல்.

15 புள்ளிக்கான கடைசி, ஐந்தாவது செட், 13-13. சர்வீஸ் எதிரணியிடம். விசில் ஊதும் முன் கம்பிவேலிக்குப் பின்னாலிருந்து எங்கள் மிடில் பிளாக்கரின் குரல்: "அக்கா, உங்க கை தூக்குறப்பவே அவங்க ரெண்டாம் நம்பர் குதிச்சிடுறா!" அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் நான், வலைக்கு அருகில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. பந்து கைக்கு வந்ததும் முன்னால் தூக்குவதுபோல் காட்டித் தலைக்குப் பின்னால் தள்ளினேன். இரண்டாம் நம்பர் குதித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் பெண் பிளாக்கே இல்லாத இடத்தில் அடித்தாள். 14-13. அடுத்த பந்தை அவர்கள் வெளியே அடித்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம். நான் நேரே வேலிக்குத்தான் ஓடினேன். கம்பி வழியாக விரல்களைத்தான் பிடிக்க முடிந்தது.

டிசம்பர் 21
லீக்கில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. மூன்றாம் இடம். முதலிடம் பிடித்தவர்கள் எங்களைவிட நிஜமாகவே நல்ல அணி.

ரயிலில் சார் அகில இந்தியப் போட்டி பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பல்கலைக்கழக விளையாட்டில் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை கொடுக்கிறார்கள். அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் 20 முறைக்கு மேல் வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட அணிகள் வரும் இடம் அது.

அப்புறம் புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். போட்டோவை ஒட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். "முத்திரை பாதி போட்டோ மேல, பாதி தாள் மேல விழணும் சார்" என்றாள்.