தலையில் மோனை, கடைசியில் இயைபு

கசாக் வீரகாவியங்களும் மங்கோலியக் காவியங்களும் ஒரே புல்வெளியில் பிறந்தவை. இரண்டிலும் வீரனுக்கு அடுத்த இடம் குதிரைக்குத்தான் (சில இடங்களில் முதலிடமே!). ஆனால் செய்யுள் கட்டும் விதம் நேர்மாறு.

கசாக் காவியம் ஏழெட்டு அசை கொண்ட குறுவரிகளில் நடப்பது. ஓர் இயைபைப் பிடித்தால் பாடகர் அதை லேசில் விடமாட்டார். வரிக்கு வரி கடைசியில் அதே ஓசை. 'கோப்லாந்தி பாத்திர்' காவியத்தில் தைபுரில் என்ற குதிரை பாய்ந்தோடும் பகுதியில் அந்த ஓசையே குளம்படியாகிவிடுகிறது. அந்தக் குதிரையைத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அடையாளம் கண்டவள் நாயகனின் மனைவி குர்த்கா என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மங்கோலிய மரபில் ஓசை வரியின் தலையில். நம் அடிமோனைதான்! நடையும் நிதானம்: 'ஜாங்கர்' காவியத்தில் அரண்மனையை வர்ணித்து, ஆயுதம் தரித்து, சேணம் பூட்டி முடித்த பிறகுதான் போர். நாயகன் ஜாங்கரின் பும்பா நாட்டில் யாருக்கும் வயது 25ஐத் தாண்டாது. குளிர்காலமும் இல்லை, சாவும் இல்லை. எதிரிகளோ பல தலை அரக்கர்கள்.

கசாக் காவியங்களின் எதிரிகள் பெரும்பாலும் அரக்கர்கள் அல்லர், மனிதர்கள்; அவர்களில் முக்கியமானவர்கள் கல்மாக்குகள். அதாவது, ஜாங்கரைப் பாடிவந்த அதே ஓய்ராத் மங்கோலியர்கள். கசாக் பாடகரின் கொடிய வில்லன், தன் கூடாரத்தில் உட்கார்ந்து சாவில்லாத நாட்டைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறான்!

மங்கோலியக் காவிய மரபை யுனெஸ்கோ 2009இல் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. ஒலிப்பதிவு கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் மோனை காதில் விழும்.